'டம்'முனு இறங்கினா பைலட்டைத் திட்டாதீங்க! - சின்ன ஜெட்டுக்கு எவ்வளவு நீள ரன்வே வேண்டும்?

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. சென்னையில் நல்ல மழை. நான் வந்த விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும் 'டம்' என்று ஒரு சத்தம். தலைக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டுகள் எல்லாம் தடதடவென ஆடின. பக்கத்து சீட் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, டயர் எதுவும் வெடிச்சிடுச்சா?" பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "புது டிரைவர் போலிருக்கு. ஸ்பீடு பிரேக்கரைப் பார்க்காம ஏத்திட்டாரு." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

சிரித்தது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. ஈரமான ஓடுபாதையில் சக்கரத்தை அப்படி அழுத்திப் பதிப்பது பல நேரங்களில் பைலட் தெரிந்தே செய்கிற வேலை. பூப்போல இறக்க வேண்டும் என்று அவர் கூடுதலாகச் சில நொடிகள் எடுத்துக்கொண்டால், அந்த நொடிகளுக்கு உரிய விலையை ஓடுபாதையின் நீளத்திலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

'நீளம் எவ்வளவு' என்பது நம் ஊர்களிலும் அடிக்கடி எழும் கேள்விதான். சேலம் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் ரக விமானங்கள் வந்துபோகின்றன. "கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் இருக்கே, ஒரு சின்ன ஜெட் இறங்கக் கூடாதா?" என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

சின்ன ஜெட் என்று இங்கே சொல்வது பணக்காரர்களின் தனி விமானத்தை அல்ல. டிக்கெட் எடுத்து நாம் போகக்கூடிய, 50 முதல் 100 சீட் வரை உள்ள விமானங்களை. பிரேசில் நாட்டின் எம்ப்ரேயர், கனடாவில் பிறந்த சிஆர்ஜே போன்றவை இந்த ரகம். இந்தியாவில் ஸ்டார் ஏர் நிறுவனம் 50 சீட் எம்ப்ரேயர் 145, 76 சீட் எம்ப்ரேயர் 175 இரண்டையும் இயக்குகிறது. இவை தரையிறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? இதற்கு ஒரே பதில் கிடையாது.

சோதனையில் ஒரு கணக்கு, பயணத்தில் ஒரு கணக்கு

புது ரக விமானம் ஒன்று அனுமதி பெறும் முன், அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். ஓடுபாதையின் தொடக்கக் கோட்டுக்கு மேலே 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் உயரத்தில் விமானம் வரும் இடத்திலிருந்து அளவு தொடங்கும். முழுதாக நிற்கும் இடத்தில் முடியும். ஓட்டுபவர் கைதேர்ந்த சோதனை பைலட். பாதை காய்ந்திருக்கும். வேகம் சொன்னபடி இருக்கும். பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பார்கள்.

நிஜப் பயணத்தில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் அமையாது. அதனால்தான் விதி ஒரு பெரிய பாதுகாப்பு இடைவெளியைக் கேட்கிறது. விமானம் கிளம்பும் முன்பே கணக்குப் போட வேண்டும்: போய்ச் சேரும் ஊரில் இருக்கும் ஓடுபாதையின் நீளத்தில் 60 சதவிகிதத்துக்குள் இந்த ஜெட் நிற்க முடியுமா? முடியும் என்றால்தான் அந்த எடையோடு கிளம்பலாம். பாதை ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால், தேவைப்படும் நீளத்தோடு இன்னும் 15 சதவிகிதம் சேர்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, சோதனையில் 1,200 மீட்டரில் நின்ற ஜெட் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி அதற்குக் காய்ந்த பாதை 2,000 மீட்டர் வேண்டும். மழை நாளில் 2,300 மீட்டர்.

இதையே சேலத்துக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1,806 மீட்டரில் 60 சதவிகிதம் என்றால் சுமார் 1,083 மீட்டர். வெயில் நாளில் அதற்குள் நிற்கக்கூடிய ஜெட்டுக்குத்தான் அங்கே இடம். மழை நாளில் அந்த எல்லை சுமார் 942 மீட்டராகச் சுருங்கிவிடும். எடையைக் குறைத்தால் விமானம் சீக்கிரம் நிற்கும். ஆனால், எடையைக் குறைப்பது என்றால் சீட்டைக் காலியாக விடுவது அல்லது எரிபொருளைக் குறைப்பது. இரண்டும் நிறுவனத்தின் வரவு செலவைத் தொடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் இடத்தில் இறங்க முடிகிற ஜெட், அதே இடத்திலிருந்து ஆட்களையும் எரிபொருளையும் நிரப்பிக்கொண்டு ஏறிவிடும் என்று சொல்ல முடியாது. இறங்கும்போது எரிபொருள் தீர்ந்து எடை குறைந்திருக்கும். ஏறும்போது அப்படி இல்லை. தூத்துக்குடி விமான நிலையத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டும் திட்டத்தைக் கையில் எடுத்ததற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. பெரிய ஜெட்டுகள் வந்துபோக வேண்டும் என்றால் நீளம் வேண்டும்.

ஒரு நொடிக்கு 65 மீட்டர்

60 சதவிகிதம் போக மிச்சம் 40 சதவிகிதம் சும்மா கிடக்கிறதே, இவ்வளவு தாராளம் எதற்கு என்று தோன்றலாம். அந்த 40 சதவிகிதம் எவ்வளவு வேகமாகக் கரையும் என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

இந்த ரக ஜெட்டுகள் தரையை நெருங்கும்போது வேகம் மணிக்கு 230, 240 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அதாவது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 65 மீட்டர். மென்மையாக இறக்க வேண்டும் என்று தரைக்குச் சற்று மேலே 5 நொடி மிதந்தால் 300 மீட்டருக்கு மேல் போய்விடும்.

ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடியில் கடப்பதற்குப் பதில் 100 அடியில் கடந்தால்? வழக்கமான 3 டிகிரி சரிவில் வரும் விமானம், அந்த ஒரு தவறுக்கே சுமார் 290 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். வேகம் 10 சதவிகிதம் கூடினால், பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் 21 சதவிகிதம் கூடும். நிற்கும் தூரமும் ஏறக்குறைய அதே அளவுக்கு நீளும். முதுகுப் பக்கமிருந்து காற்று வீசினால் அது தனிக் கணக்கு.

இந்தத் தவறுகளில் இரண்டு, மூன்று ஒரே நாளில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் சின்ன ஜெட் ஒன்றுக்கு நடந்ததைப் பார்ப்போம்.

கிளீவ்லாண்டில் ஒரு பனி நாள்

2007 பிப்ரவரி 18. அட்லாண்டாவிலிருந்து கிளீவ்லாண்டுக்கு வந்துகொண்டிருந்தது டெல்டா கனெக்‌ஷன் 6448. விமானம் எம்ப்ரேயர் 170. உள்ளே 71 பயணிகள், 4 ஊழியர்கள். கிளீவ்லாண்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த ஓடுபாதையின் நீளம் 6,017 அடி. மீட்டரில் சொன்னால் 1,834. நம் சேலத்து ஓடுபாதையைவிட 28 மீட்டர்தான் அதிகம்.

விமானத்தை இறக்கியவர் துணை விமானி. முடிவெடுக்க வேண்டிய உயரத்துக்கு வந்தபோது தனக்கு ஓடுபாதை தெரியவில்லை என்று கேப்டன் சொன்னார். மறுபடி மேலே ஏறச் சொன்னார். தனக்குத் தெரிகிறது என்றார் துணை விமானி. இறக்கம் தொடர்ந்தது. தரையை நெருங்கிய கடைசித் தருணத்தில் பனி மறைத்து, அவருக்கும் பாதை சரியாகத் தெரியாமல் போனது. அப்போதும் மேலே ஏறவில்லை.

விமானம் தரையைத் தொட்டது தொடக்கத்திலிருந்து சுமார் 2,900 அடி தள்ளி. 884 மீட்டர் ஏற்கெனவே பின்னால் போய்விட்டது. பனி படிந்த பாதையில் மிச்சம் இருந்தது சுமார் 950 மீட்டர். விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் போய், ஆன்டெனா ஒன்றில் மோதி, நிலையத்தின் வேலி வரை சென்றது. முன்சக்கரம் மடிந்தது. நல்லவேளையாக யாரும் உயிரிழக்கவில்லை. சிலருக்கு லேசான காயம்.

ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அல்லது முதல் 3,000 அடிக்குள், இரண்டில் எது குறைவோ அதற்குள் சக்கரம் பதிய வேண்டும் என்பது பைலட்டுகளுக்குச் சொல்லித்தரப்படும் எல்லை. இங்கே மூன்றில் ஒரு பங்கு என்பது சுமார் 611 மீட்டர். 884 மீட்டரில் தொட்டதால் அந்த எல்லையை 270 மீட்டர் தாண்டிவிட்டார்கள். நேரமாகச் சொன்னால் நாலு நொடி.

விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் காரணமாகச் சொன்னது, பாதை தெளிவாகத் தெரியாதபோதும் மேலே ஏறாமல் இறங்கியதை. தள்ளி இறங்கியது, பிரேக்கையும் ரிவர்ஸ் த்ரஸ்ட்டையும் முழு அளவில் பயன்படுத்தாதது ஆகியவை அடுத்த காரணங்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. முந்தைய 32 மணி நேரத்தில் கேப்டன் தூங்கியது சுமார் ஒரு மணி நேரம் மட்டுமே. களைப்பாக இருக்கிறது என்று லீவு சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. பயமில்லாமல் அப்படிச் சொல்லும்படி நிறுவனத்தின் நடைமுறை இல்லாததையும் வாரியம் ஒரு காரணமாகவே எழுதியது.

ஓடுபாதையின் நீளத்தை மீட்டரில் அளந்துவிடலாம். அதை முழுதாகப் பயன்படுத்துகிறவர் தூங்கி எழுந்து வந்திருக்கிறாரா என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

நீளம் இருந்தும் போதாத இரண்டு நாள்கள்

கிளீவ்லாண்டில் பாதை குட்டை, பனி வேறு என்று சொல்லிவிடலாம். நமக்குப் பக்கத்திலேயே நடந்த இரண்டு விபத்துகளில் பாதை அவ்வளவு குட்டையும் இல்லை. இரண்டிலும் வந்தவை 737-800 ரகம். சின்ன ஜெட்டைவிடப் பெரியவை. ஆனால், பாடம் ஒன்றுதான்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 2,450 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 1,585 மீட்டர் தள்ளித் தரையைத் தொட்டது. பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். வரும் வழியில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார் என்றும், இறங்க வேண்டாம், மேலே ஏறுவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார் என்றும் விசாரணையில் தெரிந்தது.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழை. பின்காற்று. 2,700 மீட்டர் ஓடுபாதையில் விமானம் தொட்டது சுமார் 1,353 மீட்டரில். அதாவது பாதி பாதை முடிந்த பிறகு. 190 பேர் இருந்த அந்த விமானமும் பாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

பாதை எவ்வளவு நீளம் என்பதோடு, அதில் எந்த இடத்தில் தொட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கிறது. தாண்டி வந்த ஒவ்வொரு மீட்டரும் பிரேக்குக்கு உதவாத மீட்டர்.

அந்த 'டம்' எதற்கு?

இப்போது என் விமானத்துக்கு வருவோம். மழையில் ஓடுபாதை மேல் தண்ணீர் படலமாக நிற்கும். சக்கரத்தை மெதுவாக வைத்தால், அந்தப் படலத்தின் மேலேயே டயர் வழுக்கிக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. மழையில் வேகமாகப் போகும் பைக் வழுக்குவதுபோல. அழுத்திப் பதித்தால் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். சக்கரம் உடனே சுழலத் தொடங்கும்.

அதற்குப் பிறகு நடப்பவை எல்லாம் அந்தப் பிடிமானத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் கவனித்திருப்பீர்கள். சக்கரம் தொட்டதும் இறக்கையின் மேல் சில தகடுகள் செங்குத்தாக எழும். அவைதான் ஸ்பாய்லர். தரையில் ஓடும்போதும் இறக்கை விமானத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தத் தூக்கலைக் கெடுத்து, எடை முழுவதையும் சக்கரத்தின் மேல் இறக்குவது ஸ்பாய்லரின் வேலை. எடை இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும். சக்கரம் உறுதியாகப் பதிந்ததைக் கருவிகள் உணர்ந்தால்தான் ஸ்பாய்லர் தானாக எழும். பூப்போல இறங்கும் விமானத்தில் இவை எல்லாமே கொஞ்சம் தாமதமாகலாம்.

அடுத்து கேட்கும் பெரிய இரைச்சல், ரிவர்ஸ் த்ரஸ்ட். இன்ஜின் காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிட்டு வேகத்தைக் குறைப்பது. வேகம் அதிகமாக இருக்கும் முதல் சில நொடிகளில்தான் இதனால் அதிகப் பலன்.

ஆக, தட்டென்று பதியும் சக்கரம், எழும் தகடு, இன்ஜின் இரைச்சல், முன்னால் தள்ளும் பிரேக் எல்லாம் அடுத்தடுத்து வந்தால், காக்பிட்டில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அதற்காக, அளவுக்கு மீறி மோதுவதும் நல்லதல்ல. அப்படி இறங்கிய விமானத்தைப் பரிசோதித்த பிறகே மறுபடி பறக்கவிடுவார்கள்.

குட்டை ரன்வேயில் இறங்கவே முடியாதா?

முடியும். லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். சேலத்தைவிடக் குட்டை. அங்கே எம்ப்ரேயர் 190 ஜெட்டுகள் தினமும் இறங்குகின்றன. ஆனால், அதற்கு நிபந்தனைகள் உண்டு. வழக்கமான 3 டிகிரிக்குப் பதில் 5.5 டிகிரி சரிவில், கிட்டத்தட்ட இருமடங்கு செங்குத்தாக வர வேண்டும். அதற்கு அனுமதி பெற்ற விமானம் வேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சி எடுத்த பைலட் வேண்டும்.

அப்படியும் சில விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2009-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அங்கிருந்து நியூயார்க்குக்கு ஏ318 ரக ஜெட்டை விட்டது. நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய விமானத்தில் 32 சீட் மட்டும். அப்படியிருந்தும் அந்தக் குட்டை ஓடுபாதையிலிருந்து முழு எரிபொருளோடு ஏற முடியாது. போகும்போது அயர்லாந்தின் ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது.

கணக்கு ஆகாயத்திலும் தொடரும்

கிளம்பும் முன் போடும் கணக்கு, வந்து சேரும்போது செல்லாமல் போகலாம். கிளம்பியபோது வெயில், வந்தபோது மழை. 2005 டிசம்பர் 8 அன்று சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் பனியில் இறங்கிய 737 ஒன்று வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டது. காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்த 6 வயதுச் சிறுவன் இறந்தான். அந்த விமானத்தில் ரிவர்ஸ் த்ரஸ்ட் 18 நொடி தாமதமாகத்தான் போடப்பட்டது.

அதன் பிறகு, தரையிறங்கும் முன் அந்த நேரத்து நிலவரத்தை வைத்து மறுபடி கணக்குப் போட வேண்டும், அதோடு குறைந்தது 15 சதவிகிதம் கூடுதல் தூரம் கையில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அறிவுறுத்தியது. 2021 நவம்பரிலிருந்து சர்வதேச அளவில் ஓடுபாதைக்கு மார்க்கும் போடுகிறார்கள். காய்ந்திருந்தால் 6. மிக மோசமாக இருந்தால் 0. பைலட் அந்த எண்ணை வைத்துத் தன் விமானம் எங்கே நிற்கும் என்று பார்ப்பார்.

இத்தனைக்கும் மேல் தவறினால் தாங்கிக்கொள்ள, ஓடுபாதை முடிந்த பிறகும் காலி இடம் விடுகிறார்கள். இடம் இல்லாத மலைமேல் நிலையங்களில், மிதித்தால் நொறுங்கும் லேசான கான்கிரீட்டைப் பரப்பி வைப்பது உண்டு. 2010 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், மலையைச் சீவிக் கட்டிய சார்ல்ஸ்டன் நிலையத்தில், ஏறத் தொடங்கிய சிஆர்ஜே ஜெட் ஒன்று பாதியில் நிறுத்த முயன்று பாதையைத் தாண்டியது. அந்தக் கான்கிரீட்டில் சக்கரம் புதைந்து நின்றது. 34 பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மறுபடி மேலே ஏறினால்...

இத்தனை மீட்டர் கணக்கும் கடைசியில் பைலட் எடுக்கும் ஒரு முடிவில் வந்து நிற்கிறது. 'சரியாக வரவில்லை, மேலே ஏறுவோம்.' விமான உலகில் இதற்கு 'கோ அரவுண்ட்' என்று பெயர். கிளீவ்லாண்டில் கேப்டன் அதைச் சொன்னார். மங்களூரில் துணை விமானி மூன்று முறை சொன்னார். இரண்டு இடத்திலும் சொன்னபடி நடக்கவில்லை.

பயணிகளான நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தரை தெரிகிற உயரத்துக்கு வந்த விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறினால் நாம் பதறுகிறோம். பிறகு எரிச்சல் வருகிறது. அரை மணி நேரம் போச்சே, வெளியில் வண்டி காத்திருக்குமே என்று முணுமுணுக்கிறோம். ஆனால், கூடுதலாக எரிபொருள் செலவானாலும், பயணிகள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் எடுத்த பத்திரமான முடிவு அது.

அன்று ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவுக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன்: "டயர் வெடிக்கலைம்மா. பிரேக் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு."